சவரிமுத்து நின்ற இடம்

போன வாரம் நான் வேலை செய்த பழைய கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தது. நல்ல பிள்ளை, மரியாதையான குரல். கேட்ட கேள்விதான் என் பிரஷரை ஏற்றிவிட்டது.

"மிஸ், அந்த மலைப் படம் இருக்குத்தானே, இங்கிலீஷ்காரர் கீறின வாட்டர் கலர், அதுல கீழ்மூலையில ஒரு ஆள் அழிஞ்சு போயிருக்கு. கம்ப்யூட்டர்ல ஈஸியா போட்டுடலாம். பெருசா பிரிண்ட் எடுத்து வாசல்ல வைக்கப் போறோம். நீங்க ஏன் மிஸ் அந்தக் காலத்துலயே அதைச் செய்யாம விட்டீங்க?"

செய்யாமல் விட்டேனாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போன மாதிரி. அந்த மூலையை அப்படியே விடுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள் மிஸ், ஆண்டு மலரில் போடுகிறோம், இரண்டு பக்கத்துக்குள் வந்தால் நல்லது என்றது பிள்ளை. இரண்டு பக்கத்தில் அந்தக் கீழ்மூலையைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது போன் எடுத்து இதையே கேட்பார்கள்.

நான் நாவலப்பிட்டிக்காரி. அப்பா ரயில்வேயில் கிளாக்கர். கண்டியில் ஒரு திணைக்களத்தில் பழைய காகிதங்களையும் படங்களையும் பழுது பார்க்கும் பகுதிக்கு என்னை எடுத்தார்கள். பயிற்சி கொழும்பில் சில மாதம். அங்கே படித்ததில் பாதி, எதையெல்லாம் தொடக் கூடாது என்பது. மீதிப் பாதி, தொட்டுக் கெடுத்தவர்களைத் திட்டாமல் இருப்பது எப்படி என்பது. இரண்டாவது பாடத்தில் நான் ஓய்வு பெறும் வரை தேறவில்லை.

நம் ஆட்கள் காகிதத்துக்குச் செய்கிற கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. கிழிந்த காணி உறுதிப் பத்திரத்தைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டுவார்கள்; கரப்பான் வந்து பசையோடு எழுத்தையும் சேர்த்துத் தின்னும். சுருங்கிய வரைபடத்தை அயன் பண்ணுவார்கள். ஒரு கோயில் தர்மகர்த்தா, வர்ணம் தீட்டிய பழைய சீலை அழுக்காக இருக்கிறதென்று சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, காயவைத்து, அழகாக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வெறும் வெள்ளைச் சீலை. "இப்ப அந்தப் படத்த எடுத்துக் குடுங்க மிஸ்" என்றார். எங்கிருந்து எடுப்பது? தோய்த்த தண்ணீர் எங்கே என்று கேட்டேன். வாழைக்கு ஊற்றிவிட்டாராம்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவபாதம் சேர். யாழ்ப்பாணத்தவர். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இதைச் செய் என்று சொல்லவும் மாட்டார். "செய்தால் வடிவாயிருக்கும் எண்டு நினைக்கிறன்" என்பார். அதுதான் கட்டளை. அதை வெறும் அபிப்பிராயம் என்று நம்பிய புதியவர்கள் இரண்டொருவர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு படம் வந்தால் அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் பொறுமை வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். மோதிரத்தைக் கழற்றுவார். சேட் பையிலிருந்து பேனாவை எடுப்பார். எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். கையைக் கழுவித் துடைத்து, ஈரம் போகக் காற்றில் பிடித்திருப்பார். சரி, இனித் தொடுவார் என்று நினைத்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பிப்பார். சன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை, பின்பக்கத்தை ஒருமுறை. "என்ன சேர் செய்யலாம்?" என்று கேட்டால், "பொறுங்கோ மிஸ், அது இன்னும் ஒண்டும் சொல்லேல்லை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரே ஒரு பலவீனம். குறையோடு ஒரு பொருள் கண்முன் இருந்தால் அவரால் தாங்க முடியாது. பிரம்பு பிய்ந்த கதிரையில் உட்கார மாட்டார். படத்தில் ஒரு மூலை இல்லையென்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த இல்லாத மூலையை இருந்ததுபோல் தீட்டிவிடுவதில் அவர் கைக்கு நிகர் கிடையாது. எங்கே பழையது முடிகிறது, எங்கே அவர் தொடங்குகிறார் என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் கத்தோலிக்க வேதக்காரர்களின் சின்னக் கோயிலில் தொங்கியது அது. பங்குச் சாமி புதிதாக வந்தவர், இது ஏதோ பழைய சாமான் என்று கண்டு எங்களுக்கு அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அனுப்பிவைத்த விதம்? உரச் சாக்கில் சுற்றி, உருளைக்கிழங்கு லொறியில், மழை நாளில். பிரித்துப் பார்த்தபோது நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் யாரோ தீட்டிய நீர்வண்ணப் படம். ஓவியரின் பெயர் இல்லை. பின்பக்கத்தில் ஒரு பென்சில் வரி, இது இத்தாலியப் பெருங்காவியம் ஒன்றில் வரும் காட்சி என்றது. காவியத்தின் பெயரைச் சொன்னால் படிக்காதவர்களும் படித்ததுபோலத் தலையாட்டுகிறார்கள். அந்த எரிச்சலில் சொல்லாமல் விடுகிறேன். உயிரோடிருக்கும் ஒருவன் இறந்தவர்களின் உலகங்களை நடந்து பார்த்துவரும் கதை. அதில் ஒரு மலை உண்டு. பாவம் தீர வேண்டிய ஆன்மாக்கள் அந்த மலையின் விளிம்புகளில் முதுகு வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். உச்சிக்குப் போய்விட்டால் மோட்சம். நீலத்தையும் சாம்பலையும் நீர்க்கக் கரைத்து அந்த மலையை எழுப்பியிருந்தார் ஓவியர். தூரத்தில் நின்று பார்த்தால் விடியற்காலையில் மூட்டம் விலகாத நம் மலைச்சரிவு போலவே இருக்கும், முதுகில் கொழுந்துக் கூடை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

முதலில் அது துரை பங்களாவின் சாப்பாட்டறையில் இருந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைத் துரை பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார். பங்களாவில் சமைத்த அப்பு ஒரு வேதக்காரர். வருடக்கணக்காக அந்தப் படத்துக்கு அடியில் சூப் பரிமாறியவர். மலையேறும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, இது உத்தரிக்கிற ஸ்தலம் என்று முடிவு கட்டியிருந்தார். மோட்சத்துக்குப் போகுமுன் ஆன்மா கிடந்து சுத்தமாகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். படத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாமலே பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அப்பு நினைத்தது சரிதான். அந்தக் காவியத்தில் வரும் மலையும் அதேதான். பிழை நடந்தது அதற்குப் பிறகு.

நவம்பர் எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் முளைத்தது. படத்தில்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு உருவத்தைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பூசை முடிந்ததும் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து, தங்கள் ஆளைத் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். சுரூபத்தை, அதாவது புனிதர் சிலையை, தொட்டு முத்தி செய்கிற பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் சுரூபம் சீமெந்து! இது தண்ணீரில் கரைத்துப் போட்ட நிறம். தண்ணீர் பட்டால் வந்துவிடும். இந்தப் படத்தை அழிக்க வேண்டுமென்று யாராவது எங்களிடம் யோசனை கேட்டிருந்தால், விரலை நனைத்துக்கொண்டு தொடுங்கள் என்றுதான் நாங்களும் சொல்லியிருப்போம். போதாததற்கு மெழுகுதிரிச் சொட்டு, புகை. தோட்டத்து லய வீடுகளில் இருந்த சைவக்காரரும் தங்கள் பங்குக்குச் சட்டத்தின் மேல் சந்தனம் வைத்திருந்தார்கள். ஒற்றுமைக்கு ஒரு குறைவுமில்லை.

பல வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். மெல்லிய தூரிகையால் புகைக்கரியைத் தட்டி எடுத்தேன். மெழுகைச் சிறு கத்தியால் சீவி, மீதியை உறிஞ்சுதாள் வைத்து இழுத்தேன். பின்னால் ஒட்டியிருந்த அட்டை அமிலமேறிப் புளித்துப் போயிருந்தது. அதைத் தாள் தாளாக உரித்தேன். ஒவ்வொரு நிறத்தையும் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்து எது கரைகிறது, எது தாங்கும் என்று கண்டுகொண்ட பிறகுதான் ஈரம் என்ற பேச்சே. தொடப்பட்ட உருவங்கள் எல்லாம் மங்கியிருந்தன. முகம் போனவர்கள், தோள் போனவர்கள். ஆனால் எல்லாருக்கும் பின்னால், கீழ்மூலையில் நின்ற ஒருவர் மட்டும் அடியோடு போயிருந்தார். வெறும் தாள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய துரையின் மகள் இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்தவர், படத்தைத் தேடி எங்கள் கந்தோருக்கும் வந்தார். கையில் ஒரு போட்டோ. பங்களாச் சுவரில் இருந்த காலத்தில் அந்தப் படத்தை நேராக எடுத்தது. கீழ்மூலையில் ஆள் நிற்கிறார்! வளைந்த முதுகு, ஒரு கை பாறையில், முகம் பாதி திரும்பியிருக்கிறது. சிவபாதம் சேரின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் முன்பு பார்த்ததில்லை.

"இனி ஊகம் இல்லை மிஸ். சான்று இருக்கு. அந்த ஆளைத் திருப்பி நிப்பாட்டலாம்."

"கறுப்பு வெள்ளை போட்டோ சேர். சட்டை என்ன நிறம்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்தில நிக்கிறவையைப் பாத்துப் பிடிக்கலாம். புதுக் காட்சிக்கூடத்துக்கு இதுதான் முதல் படம். மந்திரி வாறார். குறையோட வைக்கேலாது."

அழிந்த ஆளையும் போட்டுப் படத்தை முழுதாக்கப் போகிறார்கள் என்று பங்குச் சாமி பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருக்க முடியாதா இவர்களால்? அடுத்த வாரம் ஒரு மழைக்காலையில் ஒரு அம்மா சொட்டுகிற குடையோடு என் வேலையறைக்குள் நேராக வந்து நின்றார். குடை என் மேசையிலிருந்து ஒரு முழத்தில். "குடைய வெளிய வைங்க!" என்று கத்தினேன். பாவம், திடுக்கிட்டுப் போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். பெயர் லூர்தம்மா. கொழுந்து பறித்து ஓய்ந்த கை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"மிஸ், ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிர்றேன். மலைப் படத்துல கடைசி ஆளத் திருப்பிப் போடப் போறீங்களாமே?"

"ஆமா. அழிஞ்ச எடத்தைச் சரி பண்ணப் போறாங்க."

"அது எங்க வீட்டுக்காரரு மிஸ். சவரிமுத்து."

"அம்மா, அது எந்தக் காலத்துலயோ வெள்ளக்காரன் கீறின ஆளு. ஒங்க வீட்டுக்காரர அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்கும் தெரியும் மிஸ்" என்றார் பொறுமையாக. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. உட்காரச் சொன்னேன்.

சவரிமுத்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். அப்போது இருந்த சாமியார் உடலைக் கோயிலுக்குள் எடுக்கவில்லை, ஆசீர்வதிக்கவும் இல்லை. தேயிலை மலையின் எல்லையில் அடக்கம் செய்தார்கள்.

"நரகந்தான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க மிஸ். என் மொகத்துக்கு நேரா ஒருத்தரும் சொல்லல. பேச்ச நிறுத்திருவாங்க, நான் வந்தா. அந்தப் படம் கோயிலுக்கு வந்தப்ப ஆளாளுக்கு ஒருத்தர எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் பின்னால கல்லப் புடிச்சிக்கிட்டு நின்னவர யாரும் எடுக்கல. நான் எடுத்துக்கிட்டேன். மலையில நின்னா நரகம் இல்லதானே மிஸ்? கடைசியா நின்னாலும் மலைதானே?"

நான் என் கதிரையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வருசா வருசம் தொட்டுக் கும்புட்டேன். கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துக்கிட்டே வந்தாரு. ஒரு வருசம் போய்ப் பாத்தா ஆளக் காணோம். ஏறிட்டாரு மிஸ். அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். இப்ப நீங்க அவரத் திருப்பிக் கொண்டாந்து கீழ நிப்பாட்டப் போறீங்களா?"

ஈர விரல் பட்டு நிறம் கரைந்ததுதான் நடந்தது, அம்மா. அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லத்தான் எனக்குச் சம்பளம். வாய் வரவில்லை. அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. செத்தவரை வாசலில் நிறுத்திய சாமியார் மேலா, தொட்டுத் தொட்டுப் படத்தைக் கெடுத்த இந்த அம்மா மேலா, மந்திரிக்கு முழுப் படம் காட்ட அவசரப்படும் எங்கள் சேர் மேலா என்று எனக்கே தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

சேர் உள்ளறைக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அம்மாவுக்குத் தேத்தண்ணி குடுங்கோ" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் மனுசன் பேசியது.

லூர்தம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன். தேய்ந்த தாளில் நிறம் போடுவதற்கு முன் மெல்லிய ஜெலட்டின் தண்ணீரை ஒரு பூச்சுப் பூச வேண்டும். இல்லையென்றால் நிறம் ஊறிப் பரவிவிடும். அது என் வேலை.

"சேர், அந்த எடத்துக்கு நான் ஜெலட்டின் போட மாட்டேன்."

"ஏன் மிஸ்?"

"எண்ணெய்ப் படம்னா பிடிக்காட்டித் துடைச்சு எடுக்கலாம். தாளுல போட்டா ஊறிடும், திருப்பி எடுக்க ஏலாது. நீங்க சொல்லித் தந்ததுதான்."

"அது மட்டுமோ காரணம்?"

"அது போதும்தானே சேர்."

"நாங்கள் கோயில் நடத்தேல்லை மிஸ். படம் பாக்க வாறவைக்குப் படத்தைக் காட்டவேணும். சரி, நீங்கள் விடுங்கோ. நானே செய்யிறன்" என்றார். அதே மெல்லிய குரல். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம், அதற்கும் வழியில்லை.

மறுநாள் காலை கடிகாரம் கழன்றது, மோதிரம் கழன்றது, பேனா போனது. கை கழுவினார். அதே வயதுப் பழைய தாள் துண்டு ஒன்றில் நிறங்களைக் கலந்து போட்டு, காயவிட்டு, வடக்குச் சன்னலில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் கூடிவிட்டது, கொட்டினார். மறுபடியும் கலந்தார். நான் என் மேசையில் ஒரு காணி உறுதியை ஒட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, அவரை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். பிறகு மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் தாளின் மேல் பக்கவாட்டில் விழும்படி வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"இஞ்ச வாங்கோ மிஸ்."

போனேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. மற்ற உருவங்களின் மேல் தாளின் நார் கிளம்பிப் பூப்பூவாக நின்றது. அவசரமாகத் தொட்டு அவசரமாக எடுத்த விரல்கள். கீழ்மூலையில் அப்படி இல்லை. அங்கே தாள் ஒரு விரல் நுனி அளவுக்குப் பள்ளமாகி, வழுவழுவென்று அழுந்தியிருந்தது.

"இதில மட்டும் விரல் நெடுநேரமா நிண்டிருக்கு" என்றார்.

கலந்து வைத்த நிறத்தைக் கை கழுவும் பேசினில் ஊற்றினார். தூரிகையைக் கழுவி நுனியைச் சீராக்கினார். அலுமாரியைத் திறந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"தாள் நல்லாத் தேஞ்சு போச்சு. இதில நிறம் நிக்காது. விட்டால் வடிவாயிருக்கும் எண்டு நினைக்கிறன்."

நிறம் நிற்காதாம்! ஒரு பூச்சு ஜெலட்டின் போட்டால் எந்தத் தேய்ந்த தாளிலும் நிறம் நிற்கும் என்று எனக்குச் சொல்லித் தந்த மனுசன். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கொழும்பிலிருந்த பெரியவர்கள் விடுவார்களா? மந்திரி வந்து "ஏன் ஓட்டை?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று குதித்தார்கள். கடைசியில், பழைய துரையின் மகள் கொண்டுவந்த போட்டோவைப் பெரிதாக்கி, படத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. மாட்டினோம்.

மந்திரி வந்தார், விளக்கேற்றினார், படத்தைப் பார்க்காமலே போனார். மறுநாள் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். லூர்தம்மாவுக்கு நானே சொல்லி அனுப்பியிருந்தேன். புதுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றதும் பழக்கத்தில் விரலைத் தூக்கினார். "தொடாதீங்கம்மா" என்று என் வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சிரித்தார். கீழ்மூலையை, அந்த வெறும் தாளை, நன்றாகப் பார்த்தார். கூட வந்தவர்களுக்குக் காட்டினார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பிறகு பக்கத்தில் திரும்பினார். போட்டோ.

"மிஸ்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இங்க இன்னும் நிக்கிறாரே."

அந்தப் போட்டோவை மாட்டச் சொன்னவர்களின் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் இழுத்துக்கொண்டு நின்றேன். கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். லூர்தம்மா சொன்ன அதே பேச்சு நிறுத்தம்.

பின்னாலிருந்து சிவபாதம் சேர் வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் போல அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

"அது முந்தி எடுத்த படம் அம்மா" என்றார். "அவர் மேல ஏற வெளிக்கிட முன்னம் எடுத்தது."

லூர்தம்மா அவரைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி வெறும் தாளைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதானே பாத்தேன்" என்றார். "அதான் இன்னும் அந்தக் கஷ்டத்தோட நிக்கிறாரு."

ஆகவே மகள், பெரிய பிரிண்ட் எடுப்பதானால் எடுங்கள். கம்ப்யூட்டரில் ஆளைப் போடுங்கள், சட்டைக்கு நிறம் கொடுங்கள், தடுக்க எனக்கு இப்போது அதிகாரம் இல்லை. லூர்தம்மாவும் இல்லை, சேரும் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் நவம்பரில் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வாசலில் அந்த ஆளைக் கண்டு யாராவது முகம் மாறிக் கேட்டால், ஜெலட்டின் கதையெல்லாம் சொல்லி அவர்களைக் கொல்லாதீர்கள். அது முந்தி எடுத்தது என்று சொல்லிவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்த வெறும் இடத்தைக் காட்டுங்கள்.